அரை மில்லிமீட்டர்

"சார், அந்தச் செருப்பு இன்னிக்கும் தேஞ்சிருக்கு."

காப்பாட்சியர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பூட்டின பெட்டிக்குள்ள இருக்கற செருப்பு எப்படிம்மா தேயும்? வேலைக்கா போய்ட்டு வருது?"

"நேத்து குதிகால் பக்கம் பதினொன்றரை மில்லிமீட்டர். இன்னிக்குப் பதினொண்ணு. தினம் அரை மில்லிமீட்டர் குறையுது சார்."

"அளவுகோலை மாத்திப் பாருங்க."

மூன்று அளவுகோல் மாற்றியாகிவிட்டது. அருங்காட்சியகத்தில் பொருள்களின் நிலையைப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. கீறலோ கறையோ, தினமும் காலையில் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடிப் பெட்டிகளின் சாவியும் அவளிடம் மட்டும்தான்.

இந்தக் கண்காட்சிக்காக நாற்பது வீடுகளிலிருந்து வீட்டுக்கொரு பொருள் இரவல் வாங்கியிருந்தார்கள். நசுங்கிய கரண்டி, கைப்பிடி உடைந்த குடை, பல் போன சீப்பு. யாருடையது, என்ன கதை என்று கேட்கக் கூடாது. பொருள் தானே பேசட்டும் என்பது காப்பாட்சியர் போட்ட விதி. அதனால் அந்தப் பெட்டியின் கீழே 'குழந்தைச் செருப்பு, நீலம், ஒரு சோடி' என்று மட்டும் எழுதியிருந்தது.

கொண்டுவந்து கொடுத்த பெண்மணி அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பத்திரம் தங்கச்சி. ஒரு தடவைகூடப் போடாதது. இப்படியே திருப்பிக் குடுத்துடணும்."

"கண்டிப்பாக்கா" என்று இவளும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

நான்காம் நாள், செருப்புக்கு அடியில் விரித்த வெள்ளைத் துணியில் மணல் கிடந்தது. ஆறாம் நாள், செருப்பின் மேல்பாகத்தில் ஐந்து சின்ன விரல்களின் பள்ளம். பூட்டின் மேல் முந்தின நாள் அவள் ஒட்டிய காகித முத்திரை கிழியவில்லை. கேமராவில் தேடினால், அந்தப் பெட்டி மட்டும் வெளிச்சம் பட்டு வெளுத்துத் தெரிந்தது.

"நம்ம டூட்டிக்குத் துணைக்கு ஆள் போட்டிருக்காங்க போல மேடம். சம்பளம் கேக்காம ரவுண்ட்ஸ் போகுது" என்று காவலாளி சிரித்தார். மறுநாளிலிருந்து அவர் அந்த அறைக்குத் தனியாகப் போகவில்லை.

ஒன்பதாம் நாள் பெட்டியைத் திறந்தபோது இடது செருப்பு குப்புறக் கிடந்தது. எடுத்தாள். கை தன்னால் பின்வாங்கியது. இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டதுபோல வெதுவெதுப்பாக இருந்தது அது.

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனாலும், "கடவுளே, நீதான் துணை" என்று முணுமுணுத்தபடி செருப்பை நிமிர்த்தி, கால் நுழைக்க வாகாக இரண்டையும் சேர்த்து வைத்தாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கண்காட்சி முடிந்த நாளில் காப்பாட்சியர் ஒரு பையை மேசைமேல் வைத்தார். உள்ளே புதுச் செருப்பு.

"அதே கடை, அதே நீலம், அதே அளவு. மாத்திக் குடுத்துடுங்க. அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாது."

"அது பொய்யில்லையா சார்?"

"உங்களுக்காகத்தாம்மா சொல்றேன். புகார் எழுதிக் குடுத்தாங்கன்னா, சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னுதான் மேலிடத்துல கேப்பாங்க. இந்த வேலை போனா வீட்ல என்ன பண்ணுவீங்க?"

வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான்.

சாயங்காலம் அந்தப் பெண்மணி வந்து முகப்பு மேசை முன்னால் நின்றாள். "குடுக்கறியா தங்கச்சி?"

காலடியில் புதுச் செருப்பு இருந்த பை. இழுப்பறையில் தேய்ந்த செருப்பு. குனிந்தவளின் கை ஒரு கணம் பையைத் தொட்டது. பிறகு இழுப்பறையைத் திறந்தது.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. புதுசா குடுத்தீங்க, தேஞ்சு போயிருக்கு. எப்படின்னு சத்தியமா எனக்குத் தெரியலை. நான் தொட்டது துடைக்கறதுக்கு மட்டும்தான். இதே மாதிரி வேற ஒண்ணு வாங்கியும் வெச்சிருக்கோம். ஆனா அதை உங்களுதுன்னு சொல்லிக் குடுக்க எனக்கு மனசு வரலை."

பெண்மணி செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகத்தை விரலால் மெல்லத் தடவினாள். விரல் பள்ளங்களை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் தொட்டாள். திட்டு விழப்போகிறது என்று பதிவேட்டுக்காரி தலைகுனிந்து நின்றாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கா?"

"ஆமாக்கா. நுனியில இன்னும் கொஞ்சம் அதிகம்."

"நுனி தேஞ்சா..." பெண்மணி நுனியை மறுபடி தடவினாள். "அவ ஓடியிருக்கான்னுதானே அர்த்தம்?"

"யாருக்கா?"

அவள் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என் பொண்ணு பொறந்ததுலேர்ந்து எட்டு வருஷமும் படுக்கையிலயே இருந்து கண்ணை மூடினவ, தங்கச்சி. ஒரு அடிகூட எடுத்து வெச்சதில்ல."