அப்பாவின் இன்ரவியூ

"பயப்பிடாதேங்கோ அப்பா. நீங்கள் சொல்லுறதை அப்பிடியே ஸ்பானிஷிலை சொல்லுவன்" என்றபடி செரீனா லாப்ரொப்பைத் திறந்தாள்.

அப்பா கிளிபோட் ஞாயிற்றுப் பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். காலை ஏழு மணிக்கே நெற்றி வியர்த்திருந்தது. ஸ்பெயினில் நான்கு ட்ரக் கம்பனிகளுக்கு விண்ணப்பித்திருந்தார்; மூன்று கம்பனிகள் மறுமொழியே போடவில்லை. மிஞ்சியது வலென்சியாவில் இருக்கும் இந்த ஒன்றுதான். மனேஜருக்கு ஆங்கிலம் வராது. பள்ளிக்கூடத்தில் நான்கு வருடம் ஸ்பானிஷ் படித்த மகள் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது கிளிபோட் மொழிபெயர்க்க வெளியே ஆள் தேடுவாரா?

போன ஜனவரியில், இங்கே கனடாவில் சட்பரிக்குக் கிட்ட அவருடைய ட்ரக் ஐஸில் வழுக்கி, ஒரு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு பனி விழத் தொடங்கினாலே அவர் ட்ரக்கை ஓரமாக நிறுத்திவிடுவார்.

செரீனாவுக்கு அது தெரியாததல்ல. ஆனால் அம்மா செத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஸ்ரௌவ்வில்லில் இந்தப் பெரிய வீட்டில் அப்பாவும் இல்லாமல் இருப்பதை நினைக்கவே அவளால் முடியவில்லை. அப்பா போகக்கூடாது. எப்படியாவது தடுக்கவேண்டும்.

திரையில் இரண்டு பேர் தெரிந்தார்கள். முன்னால் மொட்டைத் தலையோடு மனேஜர் றமோன். பின்னால், ஜன்னல் வெளிச்சத்தில் முகம் சரியாகத் தெரியாமல், கொப்பியும் பேனாவுமாக ஒரு கிளார்க்.

"எத்தினை வருச அனுபவம் எண்டு கேக்கிறார் அப்பா."

"பதினெட்டு வருசம். மொன்றியல், சிக்காகோ, வன்கூவர் எல்லாம் ஓடியிருக்கிறன். ஒருநாளும் ஒண்டையும் இடிச்சதில்லை. அதை வடிவாச் சொல்லு பிள்ளை."

செரீனா எச்சிலை விழுங்கினாள். "பதினெட்டு வருடமாக ஓட்டுகிறார். மூன்று தரம் இடித்திருக்கிறார்" என்று ஸ்பானிஷில் சொன்னாள். விபத்துக்கு 'அக்சிதெந்தே' என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்து, மோதல் என்று பொருள்படும் 'சோக்கே' என்றாள். ஆங்கிலம் போலக் கேட்டால் அப்பா பிடித்துவிடுவார்.

றமோனின் புருவம் உயர்ந்தது.

"பார், ஆளுக்கு ஆச்சரியத்தை!" என்று கிளிபோட் சிரித்தார்.

செரீனாவால் சிரிக்க முடியவில்லை. அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"அங்கை போய் லைசன்ஸ் திரும்ப எடுக்கவேணுமாம். ஓமோ எண்டு கேக்கிறார்."

"அம்பத்தினாலு வயசெண்டாலும் இருந்து படிப்பன் எண்டு சொல்லு. ரெண்டு மாசமா ஃபோனிலை ஸ்பானிஷும் படிக்கிறன் எண்டு சொல்லு."

"இந்த வயதில் இனிப் படிக்க முடியாதாம்" என்றாள் அவள். கன்னம் இரண்டும் சுட்டன.

பின்னால் இருந்த கிளார்க், கிளிபோட் பேசும்போது மளமளவென்று எழுதினான். அவள் மொழிபெயர்க்கத் தொடங்கியதும் பேனாவைக் கீழே வைத்தான். வேலையில் நாட்டமில்லாத ஆள் போல என்று செரீனா நினைத்துக்கொண்டாள்.

றமோன் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"ஏன் கனடாவை விட்டிட்டு வாறியள் எண்டு கேக்கிறார்."

கிளிபோட் மேசையைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லு பிள்ளை. ஸ்நோவிலை ஓட எனக்குப் பயம் வந்திட்டுது. அந்த பஸ்ஸுக்குள்ளை இருந்த பிள்ளையளின்ரை முகம் கண்ணுக்குள்ளையே நிக்குது. ட்ரக்கை விட்டா எனக்கு வேறை தொழிலும் தெரியாது." அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "உன்ரை படிப்பு முடிய உன்னையும் அங்கை கூப்பிடுவன் எண்டும் சொல்லு. நீ தனிய நிப்பாய் எண்டு யோசிச்சு எனக்கு நித்திரையே இல்லை."

இதை அவர் இதுவரை அவளிடம் சொன்னதே இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வாயெடுத்தாள். படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இரண்டு வருடம் இந்த வீட்டில் ஒற்றை ஆளாக.

"இங்கே அவருக்கு யாரும் வேலை தருகிறார்கள் இல்லை" என்றாள்.

றமோன் ஃபைலை மூடினார். "கிறாசியாஸ்" என்றார்.

அந்தச் சொல் கிளிபோட்டுக்குத் தெரியும். கதிரை நுனிக்கு வந்துவிட்டார். "தாங்க்ஸ் எண்டெல்லோ சொல்லுறார்! கிடைச்சிட்டுதே?"

"இல்லை அப்பா. வேண்டாமாம்."

அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு அவள் தலையைத் தடவினார். "பரவாயில்லை. நீ என்ன செய்யிறது? நீ நல்லாத்தானே கதைச்சனி."

செரீனா அழுதுவிடுவோம் என்ற பயத்தில் அவசரமாக லாப்ரொப்பை மூடக் கை நீட்டினாள்.

அப்போது பின்னால் இருந்த கிளார்க் எழுந்து வந்து, றமோனின் தோளைத் தொட்டு, மூடிய ஃபைலைத் திரும்பத் திறந்து வைத்தான். கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரைக்குள் நேராக அவளைப் பார்த்தான்.

"தங்கச்சி, அப்பா ஒருநாளும் இடிச்சதில்லை எண்டெல்லோ சொன்னவர்?"