பூ வைக்கக் கூடாத இடம்

பேத்தமங்களா சாலையில் இருக்கும் இந்தத் திசு வளர்ப்புக் கூடத்துக்குள் யாரும் தலையில் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. பூவோடு பூஞ்சையும் வந்துவிடும். அதனால் வாசலருகே வரிசையாக ஆணிகள். காலை ஷிப்டுக்கு வந்த பெண்கள் கழற்றி மாட்டிய சரங்கள் அவற்றில் வாடித் தொங்குகின்றன. உள்ளே டியூப்லைட்டின் வெள்ளை வெளிச்சம், விடாமல் இரைகிற ஏ.சி. சூப்பர்வைசர் பவ்யா ஒரு பாட்டிலை உயர்த்திப் பார்க்கிறாள். விரல்நீள ஜெர்பரா பூச்செடிக் கன்றின் அடியில் பஞ்சுபோல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. நாற்பது பாட்டிலிலும் அதே பஞ்சு. இரண்டு ரகங்களைக் கலந்து, ஐந்து வருஷத்தில் பிழைத்த ஒரே விதைக்கருவிலிருந்து பெருக்கிய கன்றுகள் இவை. வேறு கன்று இல்லை.

"மத்ததுக்குப் பரவாம எல்லாத்தையும் வேகவெச்சுக் கொட்டிடணும்க்கா," என்கிறாள் பவ்யா. குரலில் கோபம்கூட இல்லை.

கன்றுகளை நறுக்கிப் பாட்டில்களில் நட்ட சௌந்தரம், பாட்டில்களை ஒவ்வொன்றாக ட்ரேயில் அடுக்குகிறாள். குளிரில் விரல்கள் மரத்திருக்கின்றன.

"இது இன்னா கலர்ல பூத்திருக்கும்மா?"

"யாருக்குக்கா தெரியும்? இன்னும் ஒண்ணுகூடப் பூக்கலியே."

சௌந்தரத்தின் கை, தலைமுடியை மூடியிருக்கும் குல்லாயைத் தொட்டு நிற்கிறது. இந்தக் கன்றுகளை நட்ட போன வெள்ளிக்கிழமை, ஷிப்ட் முடிந்து இதைக் கழற்றியபோதுதான் அந்த ஒற்றைக் கனகாம்பரம் மடியில் விழுந்தது.

"என் தலையில ஒரு பூ மாட்டிக்கினு உள்ள வந்துட்ச்சிமா. நான்தான்."

பவ்யா கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்தித் தேய்த்துக்கொள்கிறாள்.

"அந்தப் பக்கம் புடிங்கக்கா."

இருவரும் ட்ரேயைத் தூக்குகிறார்கள். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கின்றன. உள்ளே கன்றுகள் இன்னும் பச்சையாகவே ஆடுகின்றன.