உப்புத் தேத்தண்ணி

அந்தோனியம்மா செய்தது துரோகம்தான். வேறென்ன சொல்வது?

முதல்நாள் மாதா கோயிலடியில் எல்லாரும் கூடியபோது யோசனையைச் சொன்னவளே அவள்தான். ஊரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க மிஸ் ஒருத்தி குறிகட்டுவான் துறையில் வள்ளமேறி இந்தத் தீவுக்கு வருகிறாள். குடிக்கத் தண்ணியில்லாத ஒழுங்கை என்று அவள் எழுதினால்தான் குழாய் வரும்.

"உப்பு, உப்பு எண்டு வாயால சொல்லி என்ன? எங்கட ஒழுங்கையில பதினொரு வீட்டிலயும் கிணத்துத் தண்ணியில தேயிலை போட்டுத் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பம். குடிச்சுப் பாக்கட்டும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். சம்மாட்டி ஜெகதீஸ் அந்தோனியார் மேல் சத்தியமே பண்ணினான்.

குழாய் எல்லாரையும்விட அந்தோனியம்மாவுக்குத்தான் அவசரம். புருசன் வின்சன்ற் கிட்னியில் கல்லோடு கிடக்கிறான். காசுக்கு வாங்கும் ஒரு கான் நல்ல தண்ணி அவனுக்கு மட்டும்தான், அவள் தொடுவதேயில்லை.

கடைசி வீடு அவளுடையது. மிஸ் கோபிகா வாசல் படலையில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. மகளின் வயதுதான் இருக்கும். வெயிலில் முகம் கறுத்து, உதடு காய்ந்து போயிருந்தது. பத்து வீட்டிலும் உப்பைக் குடித்துவிட்டு வரும் பிள்ளை, ஒரு வீட்டில் வாய்க்கு ருசியாய்க் குடித்தால் குடியா முழுகிவிடும்? வின்சன்றின் கானைக் கேத்தலில் சரித்துவிட்டாள்.

கூரை என்ன, எத்தனை கதிரை, எத்தனை நேரச் சாப்பாடு என்று கேட்டுக் கேட்டே கோபிகா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு, குடிதண்ணீர் 'நல்லது' என்று படிவத்தில் குறித்தாள்.

அந்தோனியம்மா குனிந்து அதைப் பார்த்துவிட்டாள். "ஐயோ மிஸ், இதை வைச்சு எழுதாதேங்கோ. நான்தான் மனம் கேக்காமல் என்ர மனுசன்ர தண்ணியில ஊத்தினனான். கிணத்துத் தண்ணியை ஒருக்கா வாயில வைச்சுப் பாருங்கோ."

"கிணத்தைப் பற்றி இதில கேள்வியில்லையம்மா. நீங்கள் குடிக்கிறதைப் பற்றித்தான்."

"அப்ப மற்ற வீட்டுத் தேத்தண்ணியை வைச்சு எழுதுங்கோ பிள்ளை. உங்களைக் கும்பிட்டன்."

கடைசி வள்ளத்துக்கு நேரமாகிவிட்டது. கோபிகா எழும்பினாள். தீவு தீவாய் இப்படி எத்தனை கதை கேட்டிருப்பாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"பத்து வீட்டிலயும் குடிச்சிட்டுத்தானம்மா வாறன். ஒரு வீட்டில எண்டாலும் உப்புக் கரிச்சிருந்தா எழுதியிருப்பன்."