எழ மறுத்த கம்ப்யூட்டர்

ஜெசிந்தா கல்லூரி நாளில் எழுதிய பல்லாங்குழி கம்ப்யூட்டர் விளையாட்டை ஒரு நிறுவனம் தன்னுடையது என்று விற்றுக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "நீங்க எழுதினதுன்னா ஓட்டிக் காட்டுங்க" என்றார்கள். அது ஓடும் பழைய கம்ப்யூட்டர் இப்போது எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே தன் லேப்டாப்புக்குள்ளேயே அப்படியொரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் அந்தக் காலத்து இயங்குதளத்தை ஏற்றப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பாதியில் திரை நீலமாகிச் செத்தது.

"பைபிள்ல செத்து நாலு நாளான லாசரு ஒரே சத்தத்துல எந்திரிச்சான்டி" என்றான் கணவன் லூர்து. "உன் மிஷினுக்கு எத்தன சத்தம் போடணும்? விட்டுத் தொல."

"அவனக் கூப்பிட்டது ஆண்டவரு. இதக் கூப்பிடுறது நானு. முன்னப்பின்னதான் ஆகும்."

"மெமரி பத்தலையோ என்னமோ."

"வாரி வாரிக் குடுத்திருக்கேனே…" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். அந்தக் காலத்து இயங்குதளத்தின் வயிறு இத்தனை மெமரியைக் கண்டதா? கொடுத்த மெமரியில் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி ஏற்றினாள். வழக்கமாகச் சாகும் இடத்தைத் தாண்டி அது ஓடியது.

திரையில் ஒரு பெட்டி வந்து பெயரைக் கேட்டது. இனிஷியலோடு முழுப்பெயரையும் தட்டினாள். அதன்கீழே நிறுவனத்தின் பெயரையும் கேட்டது.

"அங்க என்னடி போடப் போற?"

அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, ஜெசிந்தா 'அடுத்து' என்பதை அழுத்தினாள்.