நர்மதா சொன்ன நாலு வார்த்தை

"கேளுடி அவள. எம் புருஷனுக்கும் உனக்கும் என்ன தொடர்புன்னு கேளு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்," என்று பூங்குழலி தன் போனை நர்மதாவின் மடியில் எறிந்தாள்.

போனில் இருந்த போட்டோவில் அவள் புருஷன் காசிநாதன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் லூசியா. மாட்ரிட்டில் அவன் சமைக்கிற ஓட்டலில் பரிமாறுகிறவளாம். ஊரில் இருந்தவரை வெந்நீர் வைக்கத் தெரியாதவன், அங்கே போய்ச் சமையல்காரன் ஆனதே எனக்கு ஆச்சரியம். பரிமாறுகிறவள் தோளில் சமையல்காரன் கைக்கு என்ன வேலை என்பது அதைவிடப் பெரிய ஆச்சரியம்.

தைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். தை போய் ஆடியும் வந்துவிட்டது.

துறைமங்கலத்தில் எங்களுக்குத் தெரிந்து ஸ்பானிஷ் பேசுகிற ஒரே ஆள் நர்மதா. எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். மத்தியானம் ஆனால் கம்பெனி வேலையாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்பெயின்காரர்களின் புகார்களுக்குப் பதில் சொல்வாள். தனியாக இருக்கிறாள் என்பது வீட்டு ஓனரம்மாவின் நம்பிக்கை.

அவளிடம் போகலாம் என்று பூங்குழலிக்கு யோசனை சொன்னது நான். கூடவே வந்ததும் நான். தெருவில் ஒரு சண்டை நடந்து, அதில் நான் இல்லையென்றால் அந்தச் சண்டைக்கே மரியாதை கிடையாது.

யார் வீட்டுப் பெண்ணைப் பார்க்கச் செட்டிகுளத்திலிருந்து ஆள் வந்தது, வந்தவர்கள் ஏன் பஜ்ஜியைத் தொடாமல் போனார்கள், எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் அரியலூர் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவுக்காக பஸ் ஸ்டாண்டு வரை போய், கண்டக்டரை நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவள் நான்.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அடுப்படி அலமாரியைப் பார்த்துவிடுவேன். இங்கேயும் பார்த்தேன். பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"போன்லயே மொழி மாத்திக்கலாமேக்கா," என்று நர்மதா நழுவப் பார்த்தாள்.

"அதுவும் பாத்தாச்சு. அது என்ன எழவப் போட்டுச்சோ, அவ சிரிச்ச மூஞ்சி அனுப்புறா."

வேறு வழியில்லாமல் நர்மதா போனை எடுத்தாள். "தொடர்புக்கு அங்க நாலஞ்சு வார்த்தை இருக்குக்கா. கொனெக்ஸியோன்னு ஒண்ணு. கரண்டு, நெட்டு எல்லாத்துக்கும் அதான். மனுஷங்களுக்கும் சொல்லலாம்."

"ஏன், அவ என்ன கேபிள்காரியா?"

"ரெலாசியோன். உறவுன்னு வெச்சுக்கலாம்."

பூங்குழலிக்கு மூச்சு வாங்கியது. "உறவா? அவ எனக்கு உறவா? பொங்கலுக்குக் கரும்பு கட்டி அனுப்பட்டுமா?"

மூன்றாவது, பீங்குலோ. ரத்தத்தால் வருகிறது, சட்டத்தால் வருகிறது, அறுக்க நினைத்தாலும் லேசில் அறாதது என்று விளக்கினாள் நர்மதா. சட்டம் என்றதும் பூங்குழலி எழுந்து நின்றுவிட்டாள். நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

நான்காவது, லாசோ. முடிச்சு மாதிரி என்று விரல்களால் காற்றில் முடிந்து காட்டினாள்.

பூங்குழலி ரவிக்கைக்குள்ளிருந்து தாலிக்கயிற்றை இழுத்து, நர்மதாவின் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"முடிச்சு இங்க கெடக்குடி. மூணு முடிச்சும் இங்கதான் கெடக்கு!"

நர்மதா கயிற்றைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள்.

இப்படிப்பட்டதற்கு நம் பக்கத்தில் தொடுப்பு என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஒரே சொல்தான், ஆனால் வெட்டினால் ரத்தம் வரும். "அதுக்கு அங்க வார்த்தையே இல்லியா நர்மதா?" என்று கேட்டேன்.

"இருக்குக்கா. ஆனா கேக்க அசிங்கமா இருக்கும்."

"அசிங்கமாத்தான இருக்கணும்," என்றாள் பூங்குழலி.

"பாவம், அவருக்குக் கல்யாணம் ஆனதே அந்தப் பொண்ணுக்குத் தெரியாம இருக்கலாம்," என்றாள் நர்மதா.

"தெரிஞ்சுக்கிட்டே இருக்கறவளும் இருக்கா," என்றேன் நான்.

"நீ என்னடி அவளுக்கு வக்கீலா?" என்று பூங்குழலி நர்மதாவின் மேல் சீறினாள்.

நல்ல கேள்வி. பதிலுக்கு நானும் காத்திருந்தேன். டீ போடட்டுமா என்றாள் நர்மதா.

"ஒன் டீ யாருக்கு வேணும். அனுசுயாக்கா, நீயே சொல்லுக்கா. எந்த வார்த்தையத்தான் போடச் சொல்றது?"

நான் எழுந்தேன். கேட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு எந்த வீட்டிலும் கிடையாது. நேராக அடுப்படிக்குப் போய், அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவை எடுத்தேன். பளிச்சென்று தேய்த்து வைத்திருந்தாள். அதில் குறை சொல்ல முடியாது.

முந்தானையால் ஒரு துடை துடைத்துக் கொண்டுவந்து, நர்மதாவின் எதிரே போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடியில் பெயர் வெட்டியிருந்த பக்கம் அவளைப் பார்த்து இருந்தது. என் கல்யாணத்துக்குத் திருச்சி பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக வெட்டியது. செ. அனுசுயா.

பாவம், அந்தக் கண்டக்டர்.

"நாலு வார்த்தை சொன்னியே நர்மதா," என்றேன். "அதுல உனக்கு எது பொருந்துதோ, அதையே அவளுக்கும் போடு."