கரி போன கதவு

ஒரு காரில், எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் கதவும் அதைத் திறந்து மூடும் கம்ப்யூட்டரும் இருந்தன. கதவின் ஓரமெல்லாம் கரி அப்பியதால் காற்று போதாமல் எஞ்சின் அடிக்கடி நின்றது. கம்ப்யூட்டர் கதவைக் கூடுதலாகத் திறந்து வைத்துச் சமாளித்தது. நாலு வருஷம் அப்படியே ஓடியது.

ஒருநாள் மெக்கானிக் யாகூப் ஸ்ப்ரே அடித்துக் கரியைத் துடைத்தெடுத்தார். வண்டியை ஸ்டார்ட் செய்ததும், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே எஞ்சின் அலறியது.

"ஏன் இவ்வளவு திறக்கிறே? நான் சுத்தமாயிட்டேன்!" என்றது கதவு.

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? கொஞ்சம் மூடினா வண்டியை நிறுத்திடுவே" என்றது கம்ப்யூட்டர்.

"ஐயோ, ஒருதடவை மூடித்தான் பாரேன்!"

"நாலு வருஷமாப் பார்த்தாச்சு."

யாகூப் தலையில் அடித்துக்கொண்டு பேட்டரி ஒயரைக் கழற்றினார். கம்ப்யூட்டர் மனசில் வைத்திருந்ததெல்லாம் அழிந்துபோனது. அரைமணி கழித்து ஒயரை மாட்டினார்.

கண்விழித்த கம்ப்யூட்டர் கதவை மேலும் கீழும் பார்த்தது. "பளபளன்னு இருக்கீங்களே, புதுசா வந்திருக்கீங்களா?"

கதவுக்கு எரிச்சலில் வாய்வரை ஏதேதோ வந்தது. அடக்கிக்கொண்டு, "ஆமாங்க, இன்னைக்குத்தான்" என்றது.