கொத்தி வளர்த்த காகத்தார்

முட்டைக்குள் உறங்கும் உயிருக்கும் மூச்சளிக்கும் பெருமான் திருவடி போற்றி!

பனையுச்சியில் காகத்தார் ஒருவர் குடியிருந்தார். கலயத்துக் கள்ளை மாந்திவிட்டுக் கூடு திரும்பியவர், முந்தாநாள் கண் திறந்த தம் குஞ்சைப் பறக்கச் சொன்னார். அது பசியால் கத்தியது. உச்சந்தலையில் கொத்தினார், குருதி கசிந்தது.

"பச்சைக் குழந்தை ஐயா, செத்துவிடும்!" என்று பதறியது மட்டையிடுக்கில் வாழ்ந்த அணில்.

"எம் குடும்ப விவகாரம், உனக்கென்ன? என் தகப்பனார் என்னைக் கொத்தியே வளர்த்தார். நான் என்ன கெட்டா போனேன்?" என்று காகத்தார் மீண்டும் அலகை ஓங்கினார்.

"அதோ, உம் தகப்பனார் வருகிறார்!" என்றது அணில்.

தகப்பனார் இறந்து மூன்று மழைக்காலம் ஆயிற்று. ஆயினும் காகத்தார் நடுநடுங்கி, அந்தக் குஞ்சின் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொண்டார்.

கேட்டோர் இல்லத்துப் பிள்ளைகள் அஞ்சாமல் உறங்க அவனருள் பொழிக!